மல்லிகைக்கு ஒரு புள்ளி

நான் ஐஸ் டான்ஸ் ஆடியவள் என்று சொன்னால் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் யாரும் நம்புவதில்லை. "ஐஸ்லயா? கீழ விழுந்துட மாட்டே?" என்பார்கள். விழுவேன், அதுதானே பாதி வேலை. அடுத்து, "டிவில வர்ற மாதிரி தாவிக் குதிப்பியா?" என்பார்கள். அந்தக் குதிப்பெல்லாம் இதில் கிடையாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் பிடித்தபடி, ஒரே தாளத்தில், காலோடு கால் உரசாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். விளக்கி விளக்கி எனக்கு அலுத்துப்போய்விட்டது. இப்போதெல்லாம் "ஆமா, விழுவேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

என்னோடு ஆடியவன் ஆங் மோ கியோவில் இருந்த ஒரு சீனப் பையன். ஆறு வருடம் சேர்ந்து ஆடினோம். காலையில் பள்ளி தொடங்குமுன், ஈசூனிலிருந்து முதல் ரயில் பிடித்து நான் போய்ச் சேரும்போது அவன் ஏற்கெனவே ஐஸ் தளத்தில் இருப்பான். அதிகம் பேச மாட்டான். ஆனால் நான் எந்தப் பக்கம் சாயப் போகிறேன் என்பது எனக்கு முன்னால் அவன் கைக்குத் தெரிந்துவிடும். இந்த ஊரில் ஐஸ் டான்ஸுக்குப் பெண்கள் கிடைப்பார்கள், ஆண் கிடைக்க மாட்டான். கிடைத்தாலும் பதினெட்டு வயதில் தேசிய சேவைக்கு, அந்தக் கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போய்விடுவான். இரண்டு வருடம். அதற்குள் உடம்பும் காலும் வேறு ஆளுடையதாகிவிடும்.

அவனுக்கும் கடிதம் வந்துவிட்டது. எங்கள் பயிற்றுநர் அம்மையார் ஒரே ஒரு வழிதான் சொன்னார். "இந்தப் போட்டியில தேவையான புள்ளி எடுங்க. வெளிநாட்டுப் போட்டிக்கு உங்களை அனுப்புவாங்க. அதை வச்சு சேவையைத் தள்ளிப்போடக் கேட்கலாம். கிடைக்கிறது கஷ்டம் லா, ஆனா கேட்க ஒரு காரணமாவது இருக்கும்." அந்தக் காரணத்துக்காக நாலு மாதம் நாயாய் உழைத்தோம்.

போட்டியன்று காலையில் அம்மா தேக்கா சந்தைக்குப் போய் மல்லிகைச் சரம் வாங்கி வந்திருந்தார். நெருக்கமாகக் கட்டிய சரம், ஈரத் துணியில் சுற்றி. தளத்தின் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தினார்.

"வெறுந்தலையோட மேடை ஏறுவாங்களா?"

"மேடை இல்லம்மா, ஐஸ்."

"எதுவா இருந்தா என்ன? குனி."

அலங்காரத்திலிருந்து எது ஐஸில் விழுந்தாலும் ஒரு புள்ளி போய்விடும். பத்து வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விதி இது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் ஆடவிருந்தது வீணை இசைக்கு. கொண்டையில் பூவைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது, அதுதான் உண்மை. வெளியே வந்ததும் அவன் பார்த்தான். ஆங்கிலத்தில் மெதுவாக, அழகாக இருக்கிறது, ஆனால் விழுந்துவிடாதா என்று கேட்டான். இறுக்கிக் கட்டியிருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றேன். அவன் தன் பையிலிருந்து இரண்டு கொண்டை ஊசி எடுத்து, தானே சரத்தின் இரு பக்கமும் குத்திவிட்டான்.

வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நாங்கள் ஆடியதே இல்லை. முடிந்து வணங்கிய பிறகு, அவன் எதற்கோ குனிந்தான். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நாலைந்து மொட்டு. அவன் என்னைத் தூக்கிச் சுற்றியபோது நூல் அறுந்திருக்கிறது. வெள்ளை ஐஸில் வெள்ளைப் பூ, ஆடும்போது எங்கள் கண்ணில் படவில்லை. நடுவர் கண்ணில் பட்டுவிட்டது.

ஒரு புள்ளி கழித்தார்கள். தேவையான புள்ளியை அரைப் புள்ளிக்கும் குறைவில் தவறவிட்டோம்.

அம்மா ஓடி வந்தார். "என்னடி ஆச்சு? நல்லாத்தானே ஆடினீங்க?"

அவர் புடவை முந்தானையில் இன்னும் அந்த மல்லிகை ஈரம் இருந்தது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அவன் கால் தவறிடுச்சும்மா. அதுக்குக் குறைச்சுட்டாங்க."

அம்மாவை அழவிடக் கூடாது என்று அப்படிச் சொன்னதாக வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பூவை வைத்துக்கொண்டு போனவள் நான் என்பதை அந்த நேரத்தில் என்னாலேயே தாங்க முடியவில்லை. யார் தலையிலாவது போட வேண்டியிருந்தது, போட்டுவிட்டேன்.

அம்மா நேராக அவனிடம் போய்த் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார், ஆறு வருடம் என் பெண் உழைத்தாளே, நீ கொஞ்சம் கவனமாக இருந்திருக்கக் கூடாதா என்று. அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஷூவின் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். அவன் விரல்களை மூடி, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"ஸாரி ஆன்ட்டி," என்றான்.

அடுத்த மாதம் அவன் சேவைக்குப் போய்விட்டான். வேறு துணை கிடைக்கவில்லை. ஒரு வருடம் தனியாகப் பயிற்சி செய்தேன். அவன் தோள் இருக்க வேண்டிய உயரத்தில் கையை வைத்துக்கொண்டு, காற்றைப் பிடித்தபடி. பக்கத்தில் பழகிக்கொண்டிருந்த குழந்தைகள் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு விட்டுவிட்டேன். இப்போது ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறேன். காலையில் எழும்போது எதற்கு எழுகிறோம் என்று தோன்றாத நாள் இல்லை.

அதன்பிறகு அவனை ஒரே ஒருமுறை பார்த்தேன், பீஷான் நிலையத்தில், ரயில் மாறும் இடத்தில். உடம்பு அகன்றுபோயிருந்தது. ஐஸ் பக்கம் போவதில்லையாம். கிளம்பும்போது, ஆன்ட்டிக்கு இன்னும் தன் மேல் கோபமா என்று கேட்டான். இல்லை, எப்போதோ மறந்துவிட்டார் என்றேன். அவனிடமும் ஒரு பொய்.

போன தீபாவளிக்கு முதல் நாள், அம்மாவோடு தேக்காவில் பூ வாங்க நின்றேன். நல்ல கூட்டம். பூக்காரர் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா பெருமூச்சு விட்டார்.

"அந்தப் பையன் மட்டும் அன்னிக்குக் கால் தவறாம இருந்திருந்தா, நீ எங்கேயோ போயிருப்பே. பாவி, கெடுத்துட்டான்."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மா சரத்தைக் கையில் எடுத்து, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, என் தோளைத் திருப்பினார்.

"குனி," என்றார்.

குனிந்தேன்.