பெரட்டுக்களத்தில் ஆட்டோ தியேட்டர்

வாகனத்தை விட்டு இறங்காமலே படம் பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர்கள் அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஓகோவென்று ஓடினவாம். பிள்ளைகளை வீட்டு உடுப்போடு பின் சீட்டில் போட்டுக்கொண்டு குடும்பமாகப் போவார்களாம். ஃபோனில் இதை வாசித்துவிட்டு என் தம்பி, "நம்ம தோட்டத்துலயும் செய்வோம்க்கா" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. லுணுகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கார் வைத்திருப்பவர் தோட்டத்து மேனேஜர் துரை ஒருவர்தான். மற்றவர்களிடம் இருப்பது ஆட்டோ.

ஆட்டோ போதாதா என்று அவனுடைய கூட்டாளிகள் இறங்கிவிட்டார்கள். தினமும் காலையில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் பிரிந்து போகும் பெரட்டுக்களத்தின் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பதுளை டவுனிலிருந்து புரொஜெக்டர் வந்தது. சத்தத்துக்கு நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி. அது படத்தின் ஒலியை ரேடியோவுக்கு அனுப்பும், அவரவர் ஆட்டோவில் பிடித்துக் கேட்கலாம். எங்கள் பொடியன்கள் ஆட்டோவுக்கு டயர் மாற்றுகிறார்களோ இல்லையோ, பாட்டுக் கேட்கும் செட்டை மட்டும் நல்லதாகப் போட்டிருப்பார்கள்.

எனக்கிருந்த ஆசை வேறு. அப்பாவை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும்.

பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு, ஒன்றரை வருஷமாக அவர் எங்கள் லயத்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கோயில் திருவிழாவுக்கும் வரவில்லை. தன்னைத் தூக்கிக்கொண்டு போவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம். பேச்சு குழறுவதால், யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பார். புதுப்படம் வந்தால் எங்களை பஸ்ஸில் ஏற்றிப் பதுளைக்குக் கூட்டிப்போன மனுஷன்! உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"எல்லாரும் ஆட்டோவுக்குள்ளதான்ப்பா இருப்பாங்க. ஒருத்தரும் எறங்க மாட்டாங்க" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தபடி யோசித்தார். "என்னையும் எறங்கச் சொல்லக் கூடாது" என்றார் மெதுவாக.

அன்று பொழுது சாய்ந்ததும் தம்பி ஆட்டோவை வாசலோடு ஒட்டி நிறுத்தினான். இரண்டு பேருமாக அவரை ஏற்றினோம். சரிந்துவிடாமல் இருக்க அவருடைய இடப்பக்கம் நான் தோளைக் கொடுத்து உட்கார்ந்தேன். களத்தில் பத்துப் பதினைந்து ஆட்டோக்கள் சுவரைப் பார்த்து நின்றன. ஆட்டோ இல்லாதவர்கள் நடுவே பாய் விரித்திருந்தார்கள். அப்பாவும் மற்றவர்களைப் போலவே ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்த ஓர் ஆள், அவ்வளவுதான். படத்தில் அம்மாக்காரி அழுதபோது அத்தனை ஆட்டோ ரேடியோவிலிருந்தும் ஒரே அழுகை.

பாதிப் படத்தில் மழை பிடித்துக்கொண்டது. புரொஜெக்டருக்கு மேல் தகரம் போட்டிருந்ததால் படம் நிற்கவில்லை. எல்லா ஆட்டோவிலும் வைப்பர் ஆடத் தொடங்கியது. பாயில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். அப்பாவோடு ஃபெக்டரியில் வேலை செய்த ஒருவரும் அவர் மனைவியும் பாயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்கள் ஆட்டோ பக்கமாக வந்தார்கள். அப்பாவைக் கண்டதும் அந்த மனுஷன் தயங்கி நின்றார். இதோ அப்பா கண்ணை மூடப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா மூடவில்லை. வலக்கையால் முன் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தானாகவே ஓரத்துக்கு நகர்ந்தார்.

"ஏறுடா. எடம் இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ எறங்கு புள்ள."

"அப்பா, நீங்க சரிஞ்சிருவீங்க..."

"எறங்குன்னா எறங்கு!"

இறங்கினேன். அவர்கள் ஏறினார்கள். என்னிடமிருந்த குடையை விரித்துக்கொண்டேன். கம்பியை விடாமல் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை ஆட்டோவுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குடைக்குள்ளும் என் கன்னம் நனைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை, நல்லவேளை.

அப்போது அந்தக் குழறும் குரல், களத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, என்மீது பாய்ந்தது.

"மறைக்காத புள்ள! தள்ளி நில்லு!"