கரண்டியோடு வெளியே வந்த பிலோமினா

செய்தி வந்தபோது நான் பெங்களூர் பீன்யாவில், என் பழைய கம்பெனி வாசல் டீக்கடையில், அந்தக் காலத்தில் லேத் மிஷினே என் பேச்சைக் கேட்கும் என்று இரண்டு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பிலோமினாவின் ஓட்டலில் பரிமாறும் நவீன். "அங்கிள், மேடம் ஹோகிபிட்ரு" என்றான் கன்னடத்தில். போய்விட்டார்கள் என்கிறான். "கடை திறக்கிற நேரத்துல எங்க போனாங்க?" என்று அதட்டினேன். அழுகைதான் கேட்டது. காலையில் மார்க்கெட்டிலிருந்து வந்து கத்தரிக்காயை இறக்கி வைத்த கையோடு நெஞ்சுவலி. டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். என் வாழ்க்கையில் டீயை மிச்சம் வைத்த நாள் அது ஒன்றுதான்.

பிலோமினாவின் ஆறு மேசை சைவ இத்தாலியன் ஓட்டலில் ஒருநாளாவது சாப்பிட்டவர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்புதான், ஆனால் அது அந்தக் காலத்து ஒன்பது, இன்றைய எம்.ஏ.வுக்குச் சமம். 'அவர்' என்று மரியாதையாக எழுத எனக்குத் தெரியும். எழுதினால் அவளே சிரிப்பாள்.

கோலார் தங்கவயலில் அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். மற்றபடி சொந்தமில்லை. கப்பல் கிச்சனில் வெங்காயம் உரிக்கப் போனவள், இத்தாலியில் தொழில் கற்றுத் திரும்பி, நீலசந்திராவில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கடை போட்டாள். முதலாளியும் அவளே, சமையலும் அவளே. அவள் இத்தாலி ராஜாவுக்கே சமைத்தவள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

"இத்தாலியில ராஜாவே கிடையாதே" என்பாள்.

"நீ சமைச்சப்ப இருந்தாரு" என்பேன்.

அங்கே எல்லாம் சின்னத் தட்டுதான். உள்ளங்கை அகலத் தட்டில் ஒரு அயிட்டம் வரும். அதை மேசை நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிட வேண்டும். முதல் நாள் நான் தட்டை என் பக்கம் இழுத்து ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "மீதி எப்ப வரும்?" என்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "வயிறு நிறைஞ்சா எழுந்து போயிடுவீங்க. உக்காந்து பேசட்டும்னுதான் கொஞ்சம் கொஞ்சமா தர்றேன்." பொலெண்டா என்று மஞ்சளாக ஒன்று தருவாள். வாயில் வைத்ததும் கண்டுபிடித்துவிட்டேன், அது சோளக் களி. நான் சொல்லித்தான் இது பெங்களூருக்கே தெரியும்.

தொட்டுக்க ஊறுகாய் கேட்டால், "என் சாப்பாட்டுல கை வைக்காதீங்க முதலாளி" என்பாள். முதலாளி என்ற பட்டத்துக்குக் காரணம் உண்டு. ஓட்டலில் பாதி என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நான் கூட்டிப்போன ஆட்களைப் பார்த்தால் அது ஒன்றும் அதிகமில்லை.

அடுப்பை விட்டு அவள் வெளியே வரமாட்டாள். சமையலறைச் சுவரில் இருந்த திறப்பில் தலை மட்டும் தெரியும். "நான் அடுப்பை விட்டா ஏதாவது தீஞ்சிடும்" என்பாள்.

என் மகள் ஜெயந்திக்கும், எலெக்ட்ரானிக் சிட்டியில் அவளோடு வேலை பார்க்கும் அரவிந்துக்கும் பிடித்துப்போயிற்று. பையன் வீடு பல தலைமுறையாக பெங்களூர்த் தமிழர்கள், தாத்தா சர்க்கார் உத்தியோகம், ஆசாரமான குடும்பம். அவன் அம்மா மட்டும் பிடிகொடுக்கவில்லை. வெளியே எங்காவது ஒருமுறை பார்க்கலாம், அப்புறம் சொல்கிறேன் என்றார். "வெளியே எதுக்கு? என் ஓட்டலுக்கே வாங்க" என்றேன்.

முதல் தட்டு வந்தது. கத்தரிக்காயும் தக்காளியும். ஜெயந்தி ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். அரவிந்த் அதே தட்டில் தன் முள்கரண்டியை விட்டான். அந்த அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "எங்க வீட்ல எச்சில் பட்டதைத் தொடறதில்லை. எனக்குத் தண்ணி மட்டும் போதும்." ஜெயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். நான் இத்தாலி ராஜா கதையை எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார்.

அப்போதுதான் பிலோமினா வெளியே வந்தாள். நடுவில் இருந்த தட்டை எடுத்தாள். ஆளுக்கு ஒரு சுத்தமான தட்டு வைத்தாள். ஒரு கையில் களிச் சட்டி, ஒரு கையில் நீளக் கரண்டி. "பந்தி மாதிரி நானே போடறேம்மா. கரண்டி யார் தட்டுலயும் படாது." முதலில் அந்த அம்மாவுக்கு. "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டாள். அவள் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த மேசைக்காரர் தன் ஆர்டர் என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். "பந்தே சார், ஐது நிமிஷ" என்று ஐந்து நிமிஷம் கேட்டாள், திரும்பாமலே.

உள்ளே எண்ணெயில் போட்டிருந்த சோற்று உருண்டைகள் கருகுகிற வாசம் வந்தது. கரண்டி பிடித்த கை ஒரு நொடி நின்றது. பிறகு களியை அள்ளி அந்த அம்மா தட்டில் போட்டாள்.

"உள்ள ஏதோ தீயுதும்மா" என்றார் அவர்.

"தீயட்டும். நீங்க சாப்பிடுங்க."

அந்த அம்மா அவளையே பார்த்தார். கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். "நம்ம களி மாதிரியே இருக்கே" என்றார். இதை நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்!

கிளம்பும்போது அவர் பிலோமினாவிடம் கேட்டார். "என் ஓட்டல்னு சொன்னாரே, இவர் உங்களுக்கு என்ன வேணும்?" எனக்கு உயிர் போய் வந்தது.

"எங்க அண்ணன். ஓட்டல்ல பாதி அவருது. வேலை செய்யற பாதி என்னுது."

அந்த அம்மா அன்று முதல்முறையாகச் சிரித்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது. மண்டபத்திலும் பிலோமினாதான் கரண்டி பிடித்தாள்.

கல்லறைத் தோட்டத்தில், குடும்பத்தார் முதலில் மண் போடுங்கள் என்றார்கள். குடும்பம் என்று அக்கா மகன் ஒருவன்தான். நான் பின்னால், வாடிக்கையாளர் கூட்டத்தோடு நின்றேன். பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா என் முழங்கையைத் தொட்டார். "இங்க ஏன் நிக்கறீங்க? நீங்கதானே அண்ணன், முன்னால போங்க." எனக்கு எதற்கும் ஒரு கதை வரும். அன்று வாயில் ஒன்றும் வரவில்லை. போனேன். அக்கா மகன் விலகி இடம் விட்டான். முதல் பிடி மண் என் கையிலிருந்துதான் விழுந்தது.

நான் சொல்வதில் முக்கால்வாசி நானே சேர்த்தது என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். இத்தாலி ராஜாவைக் கழித்துக்கொள்ளுங்கள். பாதி முதலாளியையும் கழித்துக்கொள்ளுங்கள். அண்ணன் என்பது மட்டும் நான் சேர்த்ததில்லை, பிலோமினா தன் வாயால் சொன்னது. அதை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.