எழுதி வைக்காத முகவரி

இவாஞ்சலினுக்கு ஊர் ராயப்பன்பட்டி. அடிபட்டு வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கு அடைக்கலம் தேடித்தரும் தேனி அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருடமாக ஆலோசகராக இருந்தாள். அங்கே வேலை பார்த்த நான்கு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே பாஸ்வேர்டு; அதுவும் திரை ஓரத்தில் ஒட்டியிருந்தது.

பங்குனியில் வருசநாட்டிலிருந்து அய்யம்மாள் வந்தாள், தாடை வீங்கி. அவளைப் போடியில் ஒரு விடுதியில் சேர்த்து, முகவரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தாள் இவாஞ்சலின். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது.

“அக்கா, எங்க வீட்டுக்காரரு எதுத்த டீக்கடையில உக்காந்திருக்காக. இங்கனயே பாத்துக்கிட்டு இருக்காக.”

அடித்தவனுக்கு அப்போதும் மரியாதை குறையவில்லை.

அன்றே பின்வாசல் வழியாக அய்யம்மாளை வேறிடம் மாற்றினாள். இந்த முறை எங்கும் எழுதவில்லை. மறுநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சுரேஷ்கண்ணனை வரவழைத்தாள். அவன் நால்வருக்கும் தனித்தனி யூசர் போட்டு, அவரவர் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி கோப்புகளைப் பூட்டினான்.

“ஹார்டு டிஸ்க்கையே கழட்டிட்டுப் போனாலும் கிறுக்கலாத்தான் தெரியும்க்கா. ஆனா மறந்துட்டீகன்னா என்னாலயும் தொறக்க முடியாது.”

“பரவாயில்லப்பா.”

மேலாளர் ஸ்டான்லி சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இவாஞ்சலின் மகளின் கல்லூரி அட்மிஷனுக்காக அலைந்தவர். சாயங்காலம் ஒரு வெள்ளைக் கவரை நீட்டினார்.

“பாஸ்வேர்டை எழுதி இதுல ஒட்டிக் குடுத்துருங்க. நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

“எனக்கு என்ன சார் ஆகப்போகுது?”

அவர் கவரை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை திரையில் ஒரு வரி இருந்தது. அவள் பெயரில் பதினோரு தடவை தவறான பாஸ்வேர்டு, ஞாயிறு காலை எட்டரைக்கு மேல். அந்நேரம் அவள் ஊர் மாதா கோவிலில் பூசையில் இருந்தாள். அலுவலகச் சாவி ஸ்டான்லியிடம் மட்டுமே.

நிர்வாகக் குழுவிடம் போனாள். “டைப் பண்ணுனது யாருன்னு அதுல இருக்கா?” என்று கேட்டார்கள். இல்லை. ஸ்டான்லி அதே நாற்காலியில் தொடர்ந்தார். அய்யம்மாள் மாநில எல்லை தாண்டி ஏதோ ஓர் ஊரில் வேலைக்குப் போகிறாள். எந்த ஊர் என்பது இவாஞ்சலினுக்கு மட்டுமே தெரியும். அவளுக்கு மட்டுமே தெரியும் என்பது ஸ்டான்லிக்கும் தெரியும்.

சென்ற வாரம் அவள் பஸ் ஸ்டாண்டில் நிற்கையில் அய்யம்மாளின் புருஷன் பக்கத்தில் வந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை.

“ஆறே காலுக்குத்தான மேடம் ஒங்க பஸ்ஸு?”

அவள் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவுக்குள் நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான், அவசரமில்லாமல்.