மாமாவின் ராகமும் அக்காவின் பாஸும்

என் அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்தக் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்காக அதை மிதித்து மிதித்து, இப்போது யாருடைய காரில் ஏறினாலும் பிரேக்கே இல்லாத இடத்தை மிதித்துக்கொண்டு வருகிறாள். என் காரில் அவள் கால் படும் இடத்தில் மட்டும் விரிப்பு தேய்ந்து கிடக்கிறது. மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்துகிறவள் அவள் ஒருத்திதான். பின்னால் வருகிறவர்கள் அவள் குடும்பத்தையே, அதாவது என்னையும் சேர்த்து, திட்டிவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததுதான் விபரீதம். வாழ்க்கையில் அவள் ஒன்றையும் ஜெயித்ததில்லை. ஒருமுறை சூப்பர் மார்க்கெட் குலுக்கலில் அவள் பெயருக்கு மைக்ரோவேவ் விழுந்தது. சாமான் வாங்கியது எதிர்வீட்டுக்காரி, கூப்பனில் தன் பேரை எழுதியதோடு சரி என்று சொல்லி, அதை அங்கே கொடுக்க வைத்துவிட்டாள். அதைச் சுமந்துகொண்டு மாடி ஏறியவன் நான். இன்றுவரை முதுகு வலிக்கிறது.

ஆசை வந்தது பிரிட்ஜ் மேல். சீட்டாட்டம்தான், ஆனால் காசு கிடையாது, கம்ப்யூட்டரில் ஆடுவது, அணிக்கு நாலு பேர். எங்கள் அணியில் அக்காவும் மாமாவும் ஒரு ஜோடி, நானும் ஒரு பல் டாக்டரும் இன்னொரு ஜோடி. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், வாஷிங் மெஷின் மெக்கானிக். ஒரு ஜோடி ஒரு மேசையில், மற்ற ஜோடி வேறு மேசையில் ஆடும். இரண்டு மேசையிலும் ஒரே சீட்டுகள்தான். இங்கே எங்கள் ஆட்களுக்கு வரும் சீட்டு அங்கே எதிரணிக்கு வரும். யார் அதை நன்றாக ஆடினார்களோ அவர்களுக்குப் புள்ளி.

ஒரு ஆட்டத்துக்குப் பதிமூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றையும் ஜெயித்தவருக்கு ஒரு பிடி. ஆட்டத்துக்கு முன்னால் ஏலம். எங்கள் ஜோடி இத்தனை பிடி எடுக்கும் என்று மாறி மாறிக் கேட்க வேண்டும். பயந்து குறைவாகக் கேட்டால் புள்ளி குறைவு. ஆசைப்பட்டு அதிகம் கேட்டுவிட்டு எடுக்க முடியாமல் போனால் அபராதம். தன் ஜோடியிடம் என்ன சீட்டு இருக்கிறது என்பதை ஏலத்திலிருந்துதான் ஊகிக்க வேண்டும். இருமல், பெருமூச்சு, புருவம் தூக்குவது எதற்கும் அனுமதி இல்லை. தப்பித்தவறி ஏதாவது காதில் விழுந்துவிட்டால் அதை வைத்து லாபம் பார்க்கக் கூடாது. இரண்டு வழியும் நியாயம் என்றிருந்தால், காதில் விழுந்தது காட்டிய வழியை விட்டுவிட வேண்டும். கூப்பிட்டால் வர ஒரு நடுவர் உண்டு, ஆனால் இதைக் கண்காணிக்க ஆள் கிடையாது. மனசாட்சிதான் போலீஸ்.

அதனால் ஒரே வீட்டில் இருக்கும் ஜோடி தனித்தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கேமராவைப் போட்டுவிட்டு ஆட வேண்டும். மாமா படுக்கையறையில், அக்கா சமையலறையில். நடுவில் ஒரே ஒரு சுவர். அக்கா எப்போதும் மாமாவின் பட்டறையில் இருக்கும் பெரிய காதுமூடியை மாட்டிக்கொண்டு ஆடுவாள். கவனம் சிதறாமல் இருக்கத்தான் என்று நான் நினைத்தேன். காது வலி என்று நினைத்த பல் டாக்டர் சொட்டு மருந்துகூட எழுதிக் கொடுத்தார்.

விஷயம் வேறு. நல்ல சீட்டு வந்தால் மாமா ராகம் இழுப்பார். வாயைத் திறப்பதில்லை, எல்லாம் மூக்குக்குள்ளேயே. அவருக்கே அது தெரியாது. ஊரில் யாருடைய மெஷின் அழுதாலும் காதை வைத்துக் கேட்டு "பேரிங் போச்சு" என்று சொல்லிவிடுகிற மனிதருக்குத் தன் மூக்கு பாடுவது மட்டும் கேட்காது. அக்காவுக்கு மட்டும் தெரியும். அவரிடமும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. காதை மட்டும் மூடிக்கொண்டாள்.

இந்த வருடம் எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அக்கா ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுப்போன பையனுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பினாளாம். ஆட்டத்தன்று காலையில் அமைப்பாளர்களிடமிருந்து புது விதி வந்தது: இயர்போன் வழியாக யாரோ யாருக்கோ சொல்லிக்கொடுப்பதாகப் புகார் இருப்பதால், இறுதி ஆட்டத்தில் காதில் எதுவும் மாட்டக் கூடாது. நியாயமாக ஆடுவதற்காக அவள் மாட்டிக்கொண்டிருந்ததை, நியாயத்தின் பேரிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா சளைக்கவில்லை. சமையலறை எக்சாஸ்ட் ஃபேனைப் போட்டாள். எண்ணெய் பிசுக்கேறிய அந்த ஃபேன் சுற்றினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. முதல் பாதியில் நாங்கள்தான் முன்னிலை. நடுவில் டீ குடிக்க இடைவேளை விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாமாவுக்கு அவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் காதைக் குடைந்திருக்கிறது. டீயைக்கூடத் தொடாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃபேனைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டிவிட்டார்.

"பாவம், இந்தச் சத்தத்துல எப்படித்தான் விளையாடினியோ. இனிமே பூ மாதிரி சுத்தும்."

பூ மாதிரிதான் சுற்றியது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவர் போனதும் மிக்ஸியைப் போட்டாள், அது சூடாகி நின்றது. குழாயைத் திறந்தாள், தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. நல்ல வேளையாக மாமாவுக்கும் வரிசையாக மட்டமான சீட்டு, மூச்சுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. இப்படியே கடைசித் தடவைக்கான சீட்டு வந்தது. அப்போது இரண்டு அணியும் சமமாக நின்றன.

ஸ்பேடில் பத்துப் பிடி எடுக்கும் அளவுக்கு ஏலம் ஏறியிருந்தது. அடுத்து அக்காவின் முறை. பாஸ் சொல்லி அங்கேயே நிற்கலாம், துணிந்து பன்னிரண்டுக்கும் போகலாம். அவள் கையிலிருந்த சீட்டுக்கு இரண்டும் நியாயம்தான். அந்த நேரம் பார்த்து சுவரைத் தாண்டி வந்தது ராகம். சாதாரண ராகம் இல்லை, முழுக் கச்சேரி.

வேறு யாராக இருந்தாலும் கேட்காதது போல் பன்னிரண்டைக் கேட்டிருப்பார்கள். நான் கேட்டிருப்பேன், சத்தியமாக. அக்கா நடுவரைக் கூப்பிட்டாள். நடுவர் ஒரு கணக்கு டீச்சர். மைக்கைத் திறந்ததும் மேசையிலிருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி அக்கா சொன்னாள்.

"மேடம், என் வீட்டுக்காரர் ராகம் இழுத்தது என் காதுல விழுந்துடுச்சு."

"அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

"சீட்டு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"நானா?" என்றார் மாமா அடுத்த அறையிலிருந்து. "நான் எப்ப இழுத்தேன்? சும்மா இரு."

"எப்படி இருக்கும்?" என்று நடுவர் கேட்டார். அக்கா மூக்கால் இழுத்துக் காட்டினாள். ஏற்ற இறக்கம், நடுவில் வரும் சின்னக் குலுக்கல், ஒன்றையும் விடவில்லை. எதிரணியில் இருந்தவர் ஒரு வக்கீல். அவர், "மேடம், எனக்குச் சரியாக் கேக்கல, இன்னொரு தடவை இழுக்கச் சொல்லுங்க," என்றார். அக்கா இன்னொரு தடவையும் இழுத்தாள். நடுவர் சிரிப்பை அடக்க கேமராவை அணைத்துவிட்டாராம்.

"என்ன கேக்கணும்னு நான் சொல்ல முடியாது," என்றார் திரும்பி வந்து. "சட்டம் உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்," என்று சொல்லிவிட்டு அக்கா பாஸ் என்ற பட்டனை அழுத்தினாள்.

மாமா பத்து கேட்டதற்குப் பன்னிரண்டு பிடி எடுத்தார். எடுத்து என்ன பயன்? எங்கள் மேசையில் அதே சீட்டை வைத்துக்கொண்டு எதிரணி பன்னிரண்டு கேட்டு, என் கண் முன்னாலேயே பன்னிரண்டையும் எடுத்தது. அந்த ஒரு ஆட்டத்தில் கோப்பை போயிற்று. நடந்ததை நடுவர் சொன்னதும் பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அக்கா வீடு அடுத்த தெருதான். அவளைக் கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் கோர்த்துக்கொண்டே போனேன். செருப்பை மாற்றிப் போட்டிருந்தது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

கதவு திறந்திருந்தது. மாமா சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோற்றதற்காக இல்லை.

"ஊரே சிரிக்குது. இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க," என்றாள் அக்கா.

"நிறுத்தத்தானே வேணும்? நிறுத்தியிருந்தா இன்னைக்குக் கோப்பை நம்ம வீட்ல இருந்திருக்கும்."

அக்கா மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்குக் கோப்பை வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"கல்யாணமான புதுசுல நீங்க ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. கேட்டா ம்ம், இல்லன்னா அதுவும் கிடையாது. இவருக்கு என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு தெரியாம எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? அப்புறம் ஒரு நாள் நான் வேலை முடிஞ்சு படியேறி வரேன், கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க இழுத்துட்டு இருக்கீங்க. என் செருப்புச் சத்தம் கேட்டதும்தான் ஆரம்பிச்சீங்க. அன்னையிலேர்ந்து தினமும் கேட்டுட்டுத்தான் கதவைத் தட்டுறேன். ஒரு கோப்பைக்காக அதைப் போய் நிறுத்துவேனா?"

மாமா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் கோர்த்துக்கொண்டு வந்த கேள்விகள் போன இடம் தெரியவில்லை.

"அப்போ அடுத்த வருஷமும் தோத்துடுவோமே," என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

"தோத்துட்டுப் போவோம்," என்றாள் அக்கா.

நானும் அந்த அணியில்தான் இருக்கிறேன் என்பது இருவருக்கும் ஞாபகமே இல்லை.