நான் வைக்கவிடாத பெயர்

என் கணவரின் குடும்பத்துப் பெயர் ஒன்றை நான் பொய் சொல்லிப் பறித்தேன். இன்றுவரை அவருக்கு அது தெரியாது.

ஜாகோவைக் கலிஃபோர்னியாவில், சன்னிவேல் அலுவலகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, இங்கிலாந்துக்காரரா என்று கேட்டேன். முகம் சுண்டிவிட்டது. "இல்லை, கார்னிஷ்" என்றார். இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் கார்ன்வாலிலிருந்து, கலிஃபோர்னியத் தங்கச் சுரங்கங்களுக்கு வேலைக்கு வந்த குடும்பமாம். தனி மொழி உண்டாம். பேச ஆளில்லாமல் போய், பிறகு மீட்டெடுத்தார்களாம்... நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள், எல்லாம் ஒரே வெள்ளைக்காரர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். என்னை இந்திக்காரி என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவள் நான்!

நான் கர்ப்பமானபோது, பெண் பிறந்தால் லோவெனா என்று வைக்கலாமா என்று கேட்டார். கார்னிஷில் மகிழ்ச்சி என்று பொருள். கடல் கடந்து வந்த அவருடைய கொள்ளுப்பாட்டியின் பெயர். மொழிதான் போய்விட்டது, பெயராவது மிஞ்சட்டும் என்பது அவர் அம்மாவின் ஆசை.

எனக்கோ தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்ற வீம்பு. நேராகச் சொல்லியிருக்கலாம். இரண்டு பெயருமே வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் வழக்கப்படி பெண் குழந்தைக்குத் தாய்வழிப் பெயர்தான் வைக்க வேண்டும் என்றேன். அப்படி ஒரு வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. அந்த நிமிடம் நானாகக் கட்டிய கதை அது.

அவர் வாதாடவில்லை. "வழக்கம் என்றால் காப்பாற்ற வேண்டும். எங்கள் மொழியை இங்கிலாந்துக்காரர்கள் கேலி செய்து சிரித்தே ஒழித்துவிட்டார்கள்" என்றார். தன் அம்மாவுக்கு அவரே ஃபோன் செய்து சமாதானம் சொன்னார். அடுத்த அறையில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கயல் பிறந்தாள். மாமியார் அவளைக் கொஞ்சி மகிழ்ந்தார், லோவெனா என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமலே இறந்தும் போனார்.

ஆனால் பொய் சாகவில்லை. விருந்துக்கு விருந்து ஜாகோ அந்த வழக்கத்தைப் பெருமையாகச் சொல்வார். தமிழ் நண்பர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். "எங்க சைடுல மட்டும்தான்" என்று சமாளிப்பேன். எத்தனை முறை... எத்தனை முகங்கள்...

இப்போது கயலுக்குப் பிரசவம் நெருங்குகிறது. பெண் குழந்தை. போன ஞாயிறு சாப்பிடும்போது சொன்னாள்: "அம்மா, நம்ம ட்ரெடிஷன்படி உன் சைடு நேம்தானே? நீதான் சூஸ் பண்ணணும்."

இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது என்று தோன்றியது. "லோவெனா" என்றேன்.

ஜாகோ கரண்டியைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மறுத்துத் தலையசைத்தார்.

"வேண்டாம். அது என் பக்கத்துப் பெயர். எனக்காக உன் வழக்கத்தை உடைக்காதே. ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைக்காது, எங்களுக்குத் தெரியும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? வாய் திறந்தேன். இத்தனை வருடமும் அவர் மதித்தது என் பொய்யைத்தான் என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது.

"அப்போ உன் சைடுல என்ன நேம், அம்மா?" கயல் காத்திருந்தாள்.

"எழிலரசி" என்றேன். என் அம்மாவின் பெயர்.

ஜாகோவுக்கு ழகரம் வரவில்லை. சரியாக வரும்வரை விடாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.