நாலாவது டவுனை மறந்த டோரீன்

டோரீன் ஹக்கபிக்கு இரண்டு முறை கல்யாணம் ஆனது. இரண்டு முறையும் மாப்பிள்ளை அதே க்ளென்தான். நடுவில் ஒன்பது மாதம் கோபித்துக்கொண்டு பிரிந்திருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவது கல்யாணத்தை அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று க்ளென் சொன்னபோது, "அன்னிக்கு மேட்ச்" என்று சொல்லிப் புதன்கிழமைக்குத் தள்ளிவிட்டாள். எங்கள் கட்லர்ஸ் லேண்டிங் ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. புதன்கிழமை என்பதால் சர்ச்சில் இடமும் தாராளமாகக் கிடைத்தது.

இருபத்தாறு வருடமாக அவள் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறாள். ஊரில் பாதிப் பேர் அவள் கொட்டிய கான்கிரீட்டின் மேல்தான் கார் நிறுத்துகிறார்கள். அந்த உரிமையில் யாரையும் எதுவும் சொல்வாள். மெதடிஸ்ட் பாதிரியாரிடமே, "பிரசங்கம் இறுகிப்போச்சு, கொஞ்சம் தண்ணி விடுங்க" என்றவள்.

அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிற இடம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் பள்ளி மைதானத்தின் ஓரக்கோடு. பதினான்கு வருடமாக அங்கே டவுன் பலகையைப் பிடிப்பவள் அவள்தான். அமெரிக்கக் கால்பந்தில் பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணைத் திருப்பிக் காட்டும் பலகை ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கும். ஆட்டம் நகர நகர அவளும் கம்பத்தோடு நகர வேண்டும். பக்கத்தில் பத்து கெஜச் சங்கிலியில் கிளிப் மாட்டிக்கொண்டு நிற்பவன் நான், லெய்ட்டன், பள்ளியில் ஜியோமெட்ரி வாத்தியார். ஓரக்கோட்டில் நிற்கிறவர்கள் யாருக்காகவும் கத்தக்கூடாது, கைதட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை விழுங்கியதையெல்லாம் டோரீன் சனிக்கிழமை காலை ஹார்லன் ஸ்டக்கியின் டோனட் கடையில் வட்டியோடு கொட்டிவிடுவாள்.

அந்தக் கடையின் சுவரில் ஒரு கதவு மாட்டியிருக்கிறது. இடித்துப்போட்ட பழைய டிக்கெட் கூண்டின் கதவு. ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற ஆறு பள்ளிகளில், தடுப்பாட்டத்தில் அந்த வருடம் யார் சிறந்தவனோ அவன் பெயரை அதில் பெயின்ட்டால் எழுதுவோம். எங்கள் மேஜையில் எட்டுப் பேர், எட்டு ஓட்டு. மாநிலம் கொடுக்கிற கோப்பையைக்கூட பையன்கள் அலமாரியில் போட்டுவிடுவார்கள். கதவில் பெயர் வந்தால் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அக்கரையிலிருக்கிற ஈஸ்ட் ஹார்மனிலிருந்து ஒரே ஒரு பையன் பெயர்தான் இதுவரை அதில் ஏறியிருக்கிறது. அதுவும் அவன் அம்மா எங்கள் ஊர்க்காரி என்பதால்.

இந்த வருடம் போட்டி இரண்டு கார்னர்பேக்குகளுக்கு நடுவில். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனோடு ஒட்டிக்கொண்டே ஓடி, அவன் கைக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்கிறவன்தான் கார்னர்பேக். ஒருவன் எங்கள் கைலர் ப்ரூபேக்கர். குறுக்கே பாய்ந்து ஒன்பது பந்து பறித்தவன், பள்ளியின் சாதனை. இன்னொருவன் ஈஸ்ட் ஹார்மனின் அமரி ஹோல்கம், இருபத்தொன்றாம் எண், பத்தாம் வகுப்பு. அவன் பறித்தது பூஜ்யம். ஏனென்றால் அவன் பக்கம் யாரும் பந்தை எறிவதே இல்லை.

டோரீன் மாட்டிக்கொண்டது இந்த அமரியால்தான். அக்டோபர் கடைசியில் ஈஸ்ட் ஹார்மன் எங்கள் மைதானத்துக்கு வந்தது. ஆட்டம் சமநிலையில் இருந்தது, எங்களுக்கு மூன்றாவது டவுன். எங்கள் ஆள் பந்தோடு இடப்பக்கம் ஓடி விழுந்தான், இன்னும் இரண்டு கெஜம் பாக்கி. டோரீனோ அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவளுக்கு ஆறடி தூரத்தில், பந்து வராத வலப்பக்கத்தில், எங்கள் அணியின் வேகமான பையனோடு அமரி பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தான். அவள் கம்பத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தினாள். எண்ணைத் திருப்ப மறந்துவிட்டாள். பலகையில் மூன்று. ஸ்கோர்போர்டுக்காரனும் அவள் பலகையைப் பார்த்துத்தான் போடுவான், அங்கும் மூன்று. விரலில் ரப்பர் பேண்ட் மாட்டி எண்ணுகிற நடுவருக்கு மட்டும் தெரியும் அது நாலு என்று. இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று நம்பிய எங்கள் பயிற்சியாளர், பந்தை உதைத்துத் தூர அனுப்பாமல் ஓடச் சொன்னார். ஓடினார்கள், விழுந்தார்கள், நாலு வாய்ப்பும் தீர்ந்து பந்து ஈஸ்ட் ஹார்மனுக்குப் போயிற்று. மூன்று புள்ளியில் தோற்றோம். அத்தோடு சீசனும் போயிற்று.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. அவள் லாரி போகும்போது நான்கு விரலைக் காட்டினார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவன், "டோரீன், மூணுக்கப்புறம் என்ன வரும்?" என்று கேட்டான். கடைசியில் டோனட் மேஜைக்கே வேலை வந்தது. ஓரக்கோட்டு ஆட்களை வைப்பதும் எடுப்பதும் நாங்கள்தான். கதவில் பெயர் முடிவு செய்கிற அதே சனிக்கிழமை, டோரீனிடம் கம்பம் இருக்கலாமா என்பதையும் ஓட்டுக்கு விடுவதாக ஹார்லன் அறிவித்தான். இவ்வளவுக்கும் நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்யவில்லை. காபி குடித்தேன்.

முந்தின நாள் அவளிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "நாளைக்குப் பேசாம கைலருக்குக் கை தூக்கிடு. எல்லாரும் குளிர்ந்துபோவாங்க. கம்பம் உன்கிட்டயே இருக்கும்."

"கம்பம் வேணும்டா எனக்கு," என்றாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "அது இல்லாம வெள்ளிக்கிழமை நான் என்ன பண்ணுவேன்? க்ளென் மூஞ்சியவா பாத்துட்டு இருப்பேன்?"

"அப்ப கைலர்னு சொல்லு."

"பாப்போம்."

பாப்போம் என்று அவள் சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம்.

சனிக்கிழமை ஹார்லன் பேப்பரும் பென்சிலும் எடுத்ததுமே டோரீன் எழுந்து, "அமரி ஹோல்கம்" என்றாள். மேப்பிள் பாகு பூசிய டோனட் ஒன்று யாரோ கையிலிருந்து காபிக்குள் விழுந்தது.

"தாயே!" என்றார் மெர்ல் ப்ரூபேக்கர். கைலரின் தாத்தா. "நம்மள கவுத்ததே அவன்தானே!"

"கவுத்தது நானு. அவன் விளையாண்டான்."

"என் பேரன் ஒம்போது பிடிச்சிருக்கான். அவன் எத்தன? பூஜ்யம்! பூஜ்யத்துக்கு எவனாவது விருது குடுப்பானா?"

"எங்க தெருவுல ஒரு வீட்டுல மட்டும் திருட்டே போனதில்ல, மெர்ல். அந்த வீட்டு நாய் இதுவரைக்கும் எத்தன திருடனக் கடிச்சிருக்குன்னு கேப்பியா நீ?"

மேஜை குலுங்கியது. ஹார்லன் கல்லாவின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். சிரிக்காதவர் ஒருவர்தான், இன்ஷூரன்ஸ் ஆர்வில் டேட். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நடந்தத வச்சுத்தான் பேசணும்," என்றார் ஆர்வில். "நடக்காததுக்குக் கணக்கு கிடையாது."

"யோவ் ஆர்வில்! முப்பது வருஷமா நடக்காத தீவிபத்துக்கு எங்கிட்ட காசு வாங்குறே. நடக்காததுக்கு ஒரு விருது குடுக்க மட்டும் வலிக்குதா?"

இந்த முறை ஹார்லனின் மனைவியே சமையல் பக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டாள். ஆனாலும் சிரிப்பு வேறு, ஓட்டு வேறு. முகங்களைப் பார்த்து எண்ணினேன். கைலருக்கு ஐந்து நிச்சயம். கம்பமும் அத்தோடு போகும்.

அப்போதுதான் டோரீன் சட்டைப் பையிலிருந்து ஆட்டத்தின் பதிவு இருந்த பென் டிரைவை எடுத்தாள். கடை டிவியில் போட்டாள். ஒரு டோனட் பெட்டியின் மூடியைக் கிழித்து, திரையில் ஸ்கோரும் டவுன் எண்ணும் தெரிகிற மூலையில் ஒட்டினாள்.

"முதல் கால்வாசி. நம்ம ஆட்டம். ஒரே ஒரு நிபந்தனை. இருபத்தொண்ண மட்டும் பாருங்க. பந்தப் பாக்கக்கூடாது. பாக்குறவன் எல்லாருக்கும் காபி வாங்கித் தரணும்."

பந்தைப் பார்க்காமல் ஆட்டம் பார்ப்பதா? எங்கள் யாருக்கும் பழக்கமே இல்லை. முதல் சில நொடி கண் தானாக நழுவியது. பிறகு நழுவவில்லை. எங்கள் வேகக்காரப் பையன் உள்ளே வெட்டினான். அமரி அவனுக்கு முன்னாலேயே அங்கே இருந்தான். வெளியே வெட்டினான்; அங்கும் இருந்தான். நிற்கிற மாதிரி நடித்து ஓடினான். அமரி நிற்கவே இல்லை.

"டேய், எங்கடா போனான் நம்ம பையன்?" மெர்ல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அவன் முதுகு மட்டுந்தான் தெரியுது!"

"கைய தூக்குறான் பாரு, பந்து கேக்குறான், பாவம்!"

"எவன் குடுப்பான் அவனுக்கு? எறியிறவன் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்குறான்!"

"ஐயோ, மறுபடியும்! இவன் என்ன, அவன் தலைக்குள்ள உக்காந்திருக்கானா?"

ஹார்லன் எண்ணெய்ச் சட்டியில் டோனட் கருகுவதைக்கூட மறந்துபோனான். கடையே ஈஸ்ட் ஹார்மன்காரன் ஒருவனுக்காகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தாத்தாக்கள் கல்லறையில் புரண்டிருப்பார்கள். டோரீன் டக்கென்று படத்தை நிறுத்தினாள்.

"இப்ப இது எத்தனாவது டவுன்?"

"ரெண்டு," என்றான் ஹார்லன்.

"மூணு?" என்றார் மெர்ல்.

"ஃபர்ஸ்ட் டவுன்தானே?" என்றான் இன்னொருவன். நானும் இரண்டு என்றேன். முக்கோணத்துக்கு எத்தனை பக்கம் என்று சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

"நாலு," என்றார் ஆர்வில்.

டோரீன் டோனட் மூடியைப் பிய்த்தாள். நாலு.

பிறகு மெர்ல் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஒம்போது பிடிச்சான் என் பேரன். பதினோரு தடவ அவன் தலைக்கு மேல பந்து போயி எதிராளி பிடிச்சதையும் நாந்தான் உக்காந்து பாத்தேன். எழுதுங்கடா அந்தப் பையன் பேர!"

ஏழுக்கு ஒன்று. எதிர்த்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்து ஹார்லன் கம்பத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே கைகள் எழுந்துவிட்டன. எல்லாக் கையும் டோரீனுக்குத்தான், ஆர்வில் கை உட்பட.

டோரீன் மட்டும் உட்காரவில்லை. "வேணாம்," என்றாள்.

"என்னது?"

"பத்தாவதுதான் படிக்கிறான் அந்தப் பையன். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. இங்க வருவான். நான் அவனத்தான் பாப்பேன். சத்தியமா பாப்பேன். ஊரு தாங்காது." உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "லெய்ட்டன், நீ பிடிச்சுக்க. பதினாலு வருஷமா பக்கத்துலயே நிக்கிறே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று தலையாட்டியிருக்கலாம். ஆட்ட முடியவில்லை.

"என்னால முடியாது," என்றேன். "பலகைய சரிபார்க்குறது என் வேலை. அன்னிக்கு நான் பாக்கல. நானும் அவனத்தான் பாத்துட்டு இருந்தேன். மூணு வாரமா வாயத் திறக்காம உக்காந்திருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தெரியும்டா," என்றாள் டோரீன். "அவன் திரும்பினப்ப 'அடேங்கப்பா'ன்னு கத்துனியே. ஓரக்கோட்டுல கத்தக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு? உன்னையும் தூக்கிடுவானுங்களேன்னுதான் சொல்லல."

மேஜையில் வெடித்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று. நான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். ஹார்லன்தான் கடைசியில் ஒரு வழி சொன்னான். அமரியைப் பார்த்தும் மயங்காத ஆள் இந்தக் கடையில் ஒருவர்தான் இருக்கிறார். கம்பம் ஆர்வில் டேட்டுக்குப் போயிற்று. அவர் அதையும் சிரிக்காமல்தான் வாங்கிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மதியம், டோரீனும் நானும் பாலம் தாண்டி ஈஸ்ட் ஹார்மனுக்குப் போனோம். அவர்களுக்குப் பிளேஆஃப், தோற்றால் வெளியேற வேண்டிய அடுத்த கட்ட ஆட்டம். நாங்கள் மேல்வரிசையில், எங்கள் ஊர்ப் பெயர் பொறித்த கோட்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். அன்று முழுக்க அமரி பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை. ஒன்றுமே நடக்காத அந்த மூலையைப் பார்த்து நாங்கள் இருவரும் கத்திக் கத்தி, மூன்றாவது கால்வாசிக்குள் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.