சுறா எண்ணெய் பூசிய துவக்கு

கம்பி வலை வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். மனிசன் துவக்கோடு வந்து நின்றார். அசல் துப்பாக்கி.

வெள்ளைக்காரர்கள் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த வருஷம் அது. போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை வந்த விலைக்கு விற்றார்கள். திருகோணமலையில் அந்த மாதம் கதிரையோ அலுமாரியோ கட்டாத சைக்கிளைக் காண்பது அரிது. என் கணவர் துறைமுகத்தில் கிளாக்கர். களஞ்சியத்துப் பழைய கம்பி வலைச் சுருள்களையும் கொடுக்கிறார்கள் என்று செய்தி கொண்டுவந்தவரே அவர்தான். என் காணிக்கு வேலி போட இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று நானும் அனுப்பினேன்.

அந்தக் காணி நிலாவெளிப் பக்கம், காட்டோரமாக இருந்தது. அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. மணல் நிலம். நிலக்கடலைக்கு, எங்கள் பேச்சில் கச்சானுக்கு, அதைவிடத் தோதான மண் கிடையாது. எனக்குத் தெரிந்தது காட்டுப் பன்றிக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வருஷம் நான் விதைத்தேன், பன்றி கிண்டித் தின்றது. நகரத்தில் கடை வைத்திருந்த என் அண்ணன் மூன்றாவது விதைப்புக்கு முன் வீட்டுக்கு வந்தார்.

"இந்த முறையும் பண்டி திண்டுதெண்டால் காணியை என்ர பேருக்கு எழுதித் தா பிள்ளை. நான் அதிலை விருந்தினர் விடுதி ஒண்டு கட்டப் பாக்கிறன். உனக்கு ஏலாத வேலை இது" என்றார்.

நான் வாய் திறக்குமுன் என் கணவர் "அது நியாயம்தானே மச்சான்" என்று தலையாட்டிவிட்டார். சொன்ன சொல் சொன்னதுதான், அண்ணன் லேசில் விடுகிற ஆள் இல்லை. என் பேரில் இந்த உலகத்தில் இருந்தது அந்த மணல் துண்டு ஒன்றுதான். அதைக் கொடுக்க எனக்குத் துளியும் மனமில்லை. அதற்காகத்தான் கம்பி வலை.

"இஞ்சாருங்கோ, வலை எங்கை?" என்றேன்.

"வேலியைப் பண்டி தோண்டிக்கொண்டு வந்திடும். இதைத் தோண்டுமோ?" என்று துவக்கைத் தூக்கிக் காட்டினார்.

ஊருக்குப் போகிற வெள்ளைக்காரன் ஒருவனிடம் வாங்கியிருந்தார். அமெரிக்கச் சாமான், அங்கே வீட்டுக்கு வீடு இருக்குமாம். ஒவ்வொரு வெடிக்கும் கையால் பின்னுக்கு இழுத்து ஏற்றத் தேவையில்லை, விசையை அமத்த அமத்த அடுத்த தோட்டா தானாக வந்து ஏறிக்கொள்ளும். கீழே செருகுகிற சின்னப் பெட்டியில் பத்துத் தோட்டா. தோட்டாவைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நுனியளவுதான் இருந்தது. அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ப் பயிர்க் காவலுக்கென்று லைசன்சும் எடுத்து வந்தார். அந்தச் சுறுசுறுப்பில் பாதியை வேலிக்குக் காட்டியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

பக்கத்துக் காணியில் மரவள்ளி போட்டிருந்த முஸ்லிம் பெரியவரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் துவக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, முயலுக்கெண்டாச் சரி. பண்டிக்கு இது நுளம்பு கடிச்ச மாதிரி" என்றார்.

"ஒரு நுளம்பெண்டால் தாங்கும் நானா. பத்து நுளம்பு ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கடிச்சால்?" என்றார் இவர்.

நானா என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

அந்தத் துவக்கு ஆறடி வெள்ளைக்காரனின் தோளுக்கு அளவாகச் செய்தது. என் கணவர் செருப்பைக் கழற்றினால் என் காதளவு. அதன் மரக்கட்டையைத் தோளில் வைத்தால் விசைக்குக் கை எட்டவில்லை. ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம் என்று நான் சிரித்தேன், ஆனால் உண்மையிலேயே முற்றம் கோணல்தான். எனவே கட்டையின் பின்பக்கத்தை வாளால் அரிந்து குறுக்கினார். அதோடு விட்டிருக்கலாம். பாய்மரத் துணியில் தோள்வார் தைத்தார். கன்னம் வைக்கிற இடத்துக்கு மெத்தை வேண்டுமென்று என் தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை எடுத்தார். குறிபார்க்கிற முனை இருட்டிலும் தெரிய வேண்டுமென்று அதில் சுண்ணாம்பு தொட்டு வைத்தார். வாரைப் பூட்ட ஆணி இறுக்கினாரே, அன்றைக்குக் கட்டை நீளத்துக்கு வெடித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அவர் அசரவில்லை. பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் வள்ளம் கட்டுகிற ஒருவரிடம் கொண்டு போனார். ஊரில் மரவேலையில் கெட்டிக்காரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் கடலுக்குப் போகிற மரத்தைத் தொட்டவன்தான் மழைக்கு நிற்கிற மரம் செய்வான் என்பது இவருடைய கட்சி. வள்ளக்காரரும் முதிரை மரத்தில் புதுக்கட்டை ஒன்று செதுக்கித் தந்தார். அழகென்றால் அழகு. இவருடைய தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் செய்தது, தேன் நிறத்தில் மின்னியது. பொய் சொல்லக் கூடாது, நானும் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என் கையை மோந்து பார்த்தேன்.

வள்ளத்துக்கு என்ன செய்வாரோ அதையே அந்த மனிதர் துவக்குக்கும் செய்திருந்தார். சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயில் ஊறவைத்திருந்தார். உப்புக் காற்று மரத்தைத் தின்னாதாம். போதாததற்கு ஒரு போத்தல் எண்ணெயும் கொடுத்து, வாரத்துக்கு ஒரு தரம் துணியால் பூசச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இதென்ன நாத்தம்?" என்றேன்.

"என்ன நாத்தம்?" என்றார்.

அவருக்குத் தெரியாது. சின்ன வயதில் வந்த பீனிசம் அவர் மூக்கை ஒரேயடியாக அடைத்துவிட்டது. குசினியில் பால் பொங்கிக் கருகினாலும் பக்கத்தில் இருந்து பேப்பர் படிப்பார். மணம் என்று ஒன்று இருப்பதை நாங்கள் சொல்லி அவர் நம்புகிறார், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர் வாரத்துக்கு ஒரு தரம் பூசச் சொன்னதை நாளுக்கு ஒரு தரம் பூசினார்.

உப்புவெளியில் எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தன. வேலை முடிந்து துவக்கைப் பாயில் சுற்றிக்கொண்டு அவர் நிலாவெளி பஸ்ஸுக்கு நடந்தால், பின்னால் ஏழெட்டுப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். பஸ்ஸில் கொண்டக்டர், "ஐயா, மீனைக் கொண்டுபோய் மேல போடுங்கோ" என்பான். "மீன் இல்லைத் தம்பி, துவக்கு" என்று இவர் மெதுவாகச் சொல்வார். பக்கத்தில் இருந்த சனம் எழும்பி வேறு ஆசனத்துக்குப் போகும். துவக்குக்குப் பயந்து விலகுகிறார்கள் என்று இவர் வீட்டில் வந்து பெருமையடித்தார்.

கச்சான் முளைத்தது, பூத்தது, மண்ணுக்குள் காய் பிடித்தது. அவர் ஒவ்வொரு நாளும் மாலை பஸ்ஸில் போய்க் காவல் குடிசையில் இருந்துவிட்டுக் காலை பஸ்ஸில் வேலைக்குத் திரும்பினார். பன்றி வரவில்லை. ஒரு வெடிகூட வைக்கவில்லை. "கேள்விப்பட்டிருக்கும்" என்றார், பன்றிகளுக்குள்ளே செய்தி பரவியிருக்கும் என்கிற மாதிரி.

சனிக்கிழமைகளில் நான் களை பிடுங்கப் போவேன். அப்படி ஒரு சனிக்கிழமை காட்டுப் பக்க எல்லையில் குளம்படிகளைக் கண்டேன். நானாவின் மரவள்ளியை உழுதுவிட்டு நேராக எங்கள் எல்லைக்கு வந்திருந்தன, வந்த இடத்தில் நின்று திரும்பியிருந்தன. அந்த எல்லை நெடுகத் தடிகளில் கந்தல் துணிகள் தொங்கின. துவக்குக்கு எண்ணெய் பூசிய துணிகளை இவர் அங்கேதான் காயப் போடுவது வழக்கம். கடலிலிருந்து காட்டை நோக்கி மாரிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே சிரித்தேன்.

சிரித்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா?

"பண்டி வராதது உங்கட துவக்குக்குப் பயந்தில்லை. அந்த நாத்தத்துக்கு" என்றேன்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "நீர் எப்பவும் இப்பிடித்தான். நான் செய்தது ஒண்டும் உமக்குக் கண்ணிலை படாது. இல்லாத ஒண்டைச் சொல்லுறீர்" என்றார்.

அவருக்கு அது இல்லாத ஒன்றுதான். கடலைக் காணாதவனுக்குக் கடலைச் சொல்லலாம், மூக்கில்லாதவனுக்கு நாற்றத்தை எப்படிச் சொல்வது?

கச்சான் பிடுங்க ஒரு கிழமைதான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அரைநாள் வேலை முடிந்து வந்து, பாய்ச் சுருளை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் படலையில் நின்று பார்த்தேன். ஏதோ குறைகிறது. முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் கண்டேன், அவருக்குப் பின்னால் ஒரு பூனையும் இல்லை.

கிணற்றடிக்கு ஓடினேன். மண்ணெண்ணெய்ப் போத்தலும் சவர்க்காரமும் கிடந்தன. வேலையால் வந்த கையோடு எனக்குத் தெரியாமல் கட்டையைக் கழுவித் தேய்த்து, மெருகெண்ணெய் பூசிவிட்டிருக்கிறார். எல்லையில் தொங்கிய துணிகளையும் அன்று காலையே எரித்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன். துவக்குத்தான் காத்தது என்று எனக்கு நிரூபிக்கப் போகிறாராம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்திரத்தைவிடப் பயம். அம்மாவின் காணி ஒரு மனிசனின் ரோசத்தில் போகப் போகிறதே!

அழுதுகொண்டே சல்லிக்கு நடந்தேன். வள்ளக்காரரிடம் ஒரு தகரம் எண்ணெய் கேட்டேன். "என்ன பிள்ளை, துவக்கு இன்னும் காயேல்லையோ?" என்றார். தகரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ்ஸில் கொண்டக்டர் தகரத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

நான் காணிக்கு வந்து சேரும்போது பொழுது பட்டுவிட்டது. தூரத்திலேயே வெடிச் சத்தம் கேட்டது. பட், பட், பட் என்று ஒன்றன்பின் ஒன்றாக, அவர் சொன்னபடியே, ஒரு தடங்கலும் இல்லாமல் பத்தும் போயின. துவக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காணிக்குள்ளே பன்றிகள் நின்றன, குட்டிகளோடு ஒரு பெருங்கூட்டம். முதல் வெடிக்குத் தலையைத் தூக்கினவை, பத்தாவதுக்கு அதுகூட இல்லை. என் கணவர் காவல் குடிசைக் கூரையில் ஏறி இருந்தார்.

நானாவும் சத்தம் கேட்டு ஓடி வந்தார். இரண்டு பேருமாகப் பழைய சாக்குகளை எண்ணெயில் தோய்த்து, தடியில் கட்டிக் கொளுத்தினோம். ஐயோ, அந்தப் புகை! நானா இருமி இருமிக் குனிந்துவிட்டார். ஆனால் கடற்காற்று புகையைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பன்றிகள்மேல் போட்டது. தாய்ப் பன்றி ஒரு தரம் செருமியது. பிறகு மொத்தக் கூட்டமும் மண்ணை வாரி எறிந்துகொண்டு காட்டுக்குள் பாய்ந்தது.

கூரையிலிருந்து அவர் மெல்ல இறங்கினார். மூக்கு ஒன்றும் சொல்லாவிட்டாலும் புகையில் கண் எரிந்து தண்ணீர் ஓடியது. கிண்டுண்ட வரிசைகளைப் பார்த்தார். கால்வாசி போயிருந்தது. வண்டி வண்டியாகத் திட்டச் சேர்த்து வைத்திருந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் கண் துடைக்கச் சேலைத் தலைப்பை நீட்டினேன்.

"அந்தத் தகரத்திலை மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார்.

விடிந்ததும் இரண்டு பேருமாகத் துணிகளைத் தோய்த்து எல்லை முழுக்கக் கட்டினோம். கடைசியாகத் துவக்கை மடியில் வைத்து, அந்த அழகான மெருகின்மேலேயே சுறா எண்ணெயைப் பூசினார். எந்தத் துணி போதும், எந்தத் துணி போதாது என்று ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டிக் கேட்டார். நான் மோந்து மோந்து சொன்னேன். கலியாணம் முடித்ததிலிருந்து என் சொல்லை அவர் இவ்வளவு கேட்டதில்லை.

முக்கால்வாசிக் கச்சான் வீடு வந்தது. அந்த மண்ணில் அதுவரை எடுத்ததில் அதுதான் பெரிய விளைச்சல். அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். முற்றம் நிறையக் காய்ந்த கச்சானைப் பார்த்துக்கொண்டே விறாந்தையில் ஏறினார். அவித்த கச்சானை ஒரு தட்டில் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றை உரித்து வாயில் போட்டவர் மூக்கைச் சுளித்தார். துவக்கு மூலையில் சாத்தியிருந்தது, அதன் அடியில் மூன்று பூனைகள் படுத்திருந்தன.

"என்ன மச்சான், வீடெல்லாம் ஒரே நாத்தம்" என்றார் அண்ணன்.

என் கணவர் துவக்குப் புராணத்தை இனித் தொடங்குவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரோ அண்ணனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மணக்குதோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப காணி இருக்கு" என்றார்.